தனி ஆவர்த்தனத்தின்போது விளக்குகள் போகும் இடம்

எங்கள் சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மேடை விளக்குகள் இறங்கிக் கேன்டீனுக்குப் போய்விடுகின்றன. முதலில் கிளம்புவது மேடைக்கு முன்னால் உள்ள இரும்புக் குழாயில் தொங்கும் மஞ்சள் விளக்குகள். அவை வயதில் மூத்தவை. பிறகு சிவப்பு, அதன் பிறகு நீலம். தலையைத் திருப்பும் பெரிய விளக்குகள் கனமானவை என்பதால் பக்கத்துப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கும். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல் வயரைச் சற்றே தூக்கிக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலில் இடிக்காமல் பக்கவாட்டில் நடக்கும். யாராவது காலை மடக்கி வழிவிட்டால் லேசாகப் பிரகாசிக்கும். அது நன்றி.

தனி ஆவர்த்தனம் என்பது கச்சேரியின் பெரிய உருப்படி முடியும் தறுவாயில் பாடகர் ஓய்வெடுக்க, மிருதங்கக்காரர் மட்டும் வாசிக்கும் பகுதி. எங்கள் ரசிகர்கள் 'தனி' என்ற சொல்லுக்கு மிகுந்த மரியாதை கொடுப்பவர்கள். அவரைத் தனியாக விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். விளக்குகளும் அவர்களிடமிருந்துதான் இதைக் கற்றுக்கொண்டன.

கற்றுக்கொடுத்தது நான். சபாவின் ஒளியமைப்பு என் பொறுப்பு.

போன வருஷம் எங்கள் செயலாளர் கோதண்டபாணி ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டு வந்தார். வந்த கையோடு என்னைக் கூப்பிட்டார்.

"ஓய் ஆராவமுது, அங்கே பாட்டு குதிச்சா லைட்டும் குதிக்கறது. நம்ம சபா லைட்டு மட்டும் ஏன் பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி இருக்கு?"

"நம்ம பாட்டு குதிக்கறதில்லையே சார்."

"குதிக்க வேண்டாம். தலையையாவது ஆட்டட்டும்."

விளக்குகளை இசைக்கு ஏற்ப எரியவைக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. மைக்கில் வரும் ஒலியை அது வாங்கி, கனத்த ஒலி, நடுத்தர ஒலி, கீச்சொலி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளும். எந்த ஒலிக்கு எந்த விளக்கு, எவ்வளவு சத்தத்துக்கு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு மெதுவாக அணைய வேண்டும் என்பதை நாம் சொல்லிவிட்டால் போதும். அதைச் செய்தவர்கள் நடன விருந்துகளை மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார்கள். உலகத்தில் தாளம் என்று ஒன்று இருந்தால் அது நான்கு நான்காகத்தான் வரும் என்பது அதன் சித்தாந்தம். ரூபக தாளத்தைக் கேட்டுவிட்டு, நாலாவது அடி தொலைந்துபோய்விட்டது என்று முடிவு செய்து, அதைத் தேடும் தோரணையில் விளக்குகளை அரங்கமெங்கும் அலையவிட்டது. ஆலாபனைதான் இன்னும் மோசம். பாடகி அபயாம்பிகா தோடியை விஸ்தாரமாக எடுத்துக்கொண்டிருந்தபோது, 'இசைக்காகக் காத்திருக்கிறேன்' என்று திரையில் ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. அபயாம்பிகா மேடையிலிருந்தே அதைப் படித்துவிட்டார். மேல் ஸ்தாயியில் கொஞ்ச நேரம் அதிகமாக நின்றார். அறிவிப்பு மாறவில்லை.

ஆகவே நான் மென்பொருளை மேடையிலிருந்து திருப்பி ரசிகர்கள் பக்கம் வைத்தேன். பாட்டைப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துத் தலையாட்டுவது எங்கள் சபாவில் நெடுங்கால வழக்கம். விளக்குக்கும் அதே சலுகையைக் கொடுத்தேன். ஒரு சிறிய கேமராவை முன்வரிசை நடுநாற்காலிக்கு நேரே பொருத்தினேன். அந்த நாற்காலி சாரநாதனுடையது. ரயில்வேயில் கால அட்டவணை தயாரிக்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். தொடையில் அவர் போடும் தாளத்தை வைத்துப் பாடகர்களே தங்கள் தாளத்தைச் சரிசெய்துகொள்வது உண்டு. அவர் 'பலே' என்றால் விளக்குகள் மேலேறின. கைக்கடிகாரத்தைப் பார்த்தால் மங்கின. பக்கத்தில் யாராவது செல்போனை எடுத்தால் அவரைப் போலவே கழுத்தைத் திருப்பி முறைத்தன. ஒரு சீசன் முழுவதும் இப்படி ஊன்றிக் கற்றுக்கொண்டன. சீசன் முடிவில் அவற்றுக்கு நல்ல ரசனை அமைந்துவிட்டது.

இந்தச் சீசனின் முதல் கச்சேரியில், மிருதங்க வித்வான் வேதமூர்த்தி தனி ஆவர்த்தனத்தை ஆரம்பித்தார். சாரநாதன் எழுந்தார். விளக்குகளும் எழுந்தன.

கோதண்டபாணி என்னிடம் ஓடி வந்து கேட்டது ஒன்றுதான். "அதுகளுக்கும் டோக்கன் வாங்கணுமா ஓய்?"

கேன்டீன் நடத்தும் மௌலி டோக்கன் கேட்கவில்லை. விளக்குகள் எதையும் சாப்பிடுவதில்லை. வரிசையில் நின்று, கவுன்டர் வரை வந்து, பார்த்துவிட்டுத் திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகின்றன. ஆனால் இரண்டாம் நாளே அவர் என்னைத் தேடி வந்தார்.

"வெளிச்சம் நன்னாத்தான் இருக்கு. ஆனா அந்த நீல லைட்டை அடை பக்கம் வர வேண்டாம்னு சொல்லிடுங்கோ. அடை செத்துப்போன மாதிரி தெரியறது."

"சொல்கிறேன்."

"மஞ்ச லைட்டு சாம்பார் வாளியை எட்டிப் பாக்கறது. ஜனங்களும் கூடவே எட்டிப் பாக்கறா. முருங்கைக்காயெல்லாம் எங்கேன்னு கேக்கறா."

ஒரு கேன்டீன் தாங்கக்கூடிய வெளிச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நான் ஒப்புக்கொண்டேன்.

வேதமூர்த்தி என்னிடம் வர ஒரு வாரம் ஆயிற்று. அவர் புகார் சொல்கிற ஆள் இல்லை. காலி நாற்காலிகளைப் பார்த்தபடி வாசித்தே தலை நரைத்தவர். நாற்காலிகள் இருமுவதில்லை, நடுவில் பையைப் பிரித்து முறுக்கு எடுப்பதில்லை என்று அவற்றைப் பற்றி உயர்வாகவே பேசுவார். இப்போது ஒலிப்பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இருட்டுல வாசிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்லீங்க சார். கைக்கு வழி தெரியும். ஆனா ஆளு போனாலும் லைட்டாவது பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் எங்க நிறுத்துறேன், எங்க எடுக்குறேன்னு அதுக்குத் தெரியுதோ இல்லையோ, பாத்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப அதுவும் போயிடுச்சு."

"உங்கள் வாசிப்பில் குறை இல்லை. அவை முன்வரிசையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை."

"தெரியும் சார். முன்வரிசைய நான் உங்களுக்கு முன்னாலேருந்து பாக்குறேன்."

அன்று மாலையே கமிட்டி கூடியது. தனி ஆவர்த்தனத்தின்போது அரங்கில் ஒருவரும் இல்லை, விளக்குகளும் இல்லை, ஆகவே அது நடக்கிறது என்பதற்கே சாட்சி இல்லை. அதை எடுத்துவிட்டு, அந்த நேரத்துக்குக் காப்பி இடைவேளை என்று பேர் வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்று பலரும் கருதினார்கள். கோதண்டபாணி நியாயஸ்தர்.

"சனிக்கிழமை அபயாம்பிகா கச்சேரி வரைக்கும் பாப்போம். ஒரே ஒரு லைட்டாவது கடைசி வரைக்கும் உட்கார்ந்துதுன்னா தனி இருக்கட்டும். இல்லேன்னா எடுத்துடலாம். என்ன ஓய், சரிதானே?"

வேதமூர்த்திக்குத் தகவலைச் சொன்னேன். அவர் மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து, ஏழு அடித் தாளமான மிஸ்ர சாபுவில் ஒரு கோர்வை கட்டியிருந்தார். கோர்வை என்பது தனியின் முடிவில் வரும் பெரிய கணக்கு. ஏழு ஏழாக எண்ணிக்கொண்டு போய், தப்பாமல் வந்து இறங்க வேண்டும். அதை அவர் இதுவரை எங்கும் வாசிக்கவில்லை. சனிக்கிழமைக்கு என்று வைத்திருந்தார்.

"ஒண்ணு போதும் சார்," என்றார். "குண்டு பல்பா இருந்தாலும் சரி."

நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் மிருதங்கத்தின் ஒலியை நேரே மென்பொருளுக்குக் கொடுத்தேன். வலது பக்கத்தின் நாதத்துக்கு வெள்ளை விளக்கு, இடது பக்கத்தின் கும்கி என்னும் கனத்த ஒலிக்குச் சிவப்பு. மதிய ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தன. சிவப்பு விளக்கு ஒவ்வொரு கும்கிக்கும் குழாயிலிருந்து முன்னால் சாய்ந்து கேட்டது. வேதமூர்த்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் ஒத்திகையில் சாரநாதன் இல்லை. மாலை அவர் எழுந்ததும் சிவப்பு விளக்கு மற்றவற்றைவிட முன்னால் எழுந்தது. பெரியவர்கள் நிற்கும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதையும் அவற்றுக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

விளக்குகளைக் கயிறு போட்டுக் குழாயோடு கட்டினேன். மறுநாள் குழாயும் கேன்டீனுக்குப் போயிற்று.

எனவே சாரநாதனையே பார்த்தேன். எழாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். கண்ணியமானவர்; உடனே சம்மதித்து, பயிற்சிக்காக மதியமே வந்து தம் நாற்காலியில் உட்கார்ந்தார். வேதமூர்த்தி தொடங்கினார். சாரநாதன் இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் உட்கார்ந்துண்டுதான் இருக்கேன்," என்று விளக்கினார். "முழங்கால் எழுந்துடுத்து."

வேதமூர்த்தி வாசிப்பதை நிறுத்தினார். சாரநாதன் மேடை அருகே போய்க் கைகூப்பினார்.

"தப்பா நினைச்சுக்கப்படாது. உங்க வாசிப்பிலே நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கேட்டதே இல்லை."

"அதனால என்னங்க ஐயா," என்றார் வேதமூர்த்தி. "போயிட்டு வாங்க. காப்பி ஆறிடும்."

அன்று கேன்டீன் திறந்திருக்கவில்லை. இருந்தாலும் சாரநாதன் அதுவரை போய்விட்டுத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை மாலை நான் காலி அரங்கில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கதவுக்கு மேலே இருந்த பச்சைப் பலகையைக் கவனித்தேன். 'வெளியே செல்லும் வழி' என்று எழுதி, உள்ளே விளக்கு எரியும் பலகை. சட்டப்படி அது அணையக் கூடாது. மென்பொருளோடு அதற்கு இணைப்பு இல்லை. கேமரா வழியாக அது எதையும் கற்றதில்லை. எத்தனையோ சீசனாக எல்லோருக்கும் கேன்டீனுக்குப் போக வழிகாட்டிக்கொண்டு, தான் ஒருமுறைகூடப் போகாமல் இருந்திருக்கிறது. இதே குணமுள்ள சில பேராசிரியர்களை எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை அதைக் கழற்றி, மேடையில் வேதமூர்த்தி உட்காரும் இடத்துக்கு நேர் மேலே கட்டினேன். எனக்கு வேண்டியது அதன் வெளிச்சம். அதில் எழுதியிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை.

மாலையில் அபயாம்பிகா பெரிய உருப்படியை முடித்து, வேதமூர்த்தியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஃப்ளாஸ்கைத் திறந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டார். தனி தொடங்கியது. சாரநாதன் எழுந்தார். விளக்குகள் இறங்கி அவர் பின்னால் வரிசையில் நின்றன. அவை தலையைக் குனிந்துகொண்டதும் அரங்கம் இருண்டது. வேதமூர்த்தி மட்டும் பச்சையாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கமிட்டி கேட்டது ஒரு விளக்கு. ஒரு விளக்கு இருந்தது.

ரசிகர்கள் கதவைத் தேடினார்கள். கதவு பழைய இடத்திலேயே திறந்து கிடந்தது. அதன் வழியாகக் காப்பி மணம் வந்துகொண்டிருந்தது. ஆனால் எங்கள் அரங்கில் கதவுகள் பல. ஜெனரேட்டர் அறைக்கு ஒன்று, நாற்காலிகள் அடுக்கும் அறைக்கு ஒன்று. பலகை இல்லாத கதவை எங்கள் ரசிகர்கள் கதவாக ஒப்புக்கொள்வதில்லை. சாரநாதன் பலகையைக் கண்டுபிடித்தார். படியேறி மேடைக்குப் போனார். எல்லோரும் பின்தொடர்ந்தார்கள்.

பலகைக்குக் கீழே இருந்தது மிருதங்கம்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் சாரநாதன்.

வேதமூர்த்திக்குக் கை ஒழியவில்லை. முகவாயால் வலது பக்கத்தைக் காட்டினார். சாரநாதன் குனிந்து, ஓடும் பஸ்ஸில் ஏறுவதுபோல் ஒரு தோளை முன்னால் கொடுத்து, தோலின் நடுவே இருந்த கறுப்பு வட்டத்துக்குள் நுழைந்து போனார்.

"செருப்பு! செருப்பு!" என்று கீழேயிருந்து கத்தினார் கோதண்டபாணி. "கழட்டிட்டு உள்ளே போங்கோ!"

படியோரம் செருப்புகள் வரிசையாயின. உள்ளே போவதற்கு ஒரு முறை இருந்தது. தாளத்தின் முதல் அடி விழும்போது மட்டுமே நுழைய முடியும். மற்ற அடிகளில் வேதமூர்த்தியின் விரல்கள் அந்த இடத்தில் இருந்தன. எனவே வரிசையில் நின்றவர்கள் ஏழு ஏழாக எண்ணத் தொடங்கினார்கள். ஒருவர் தவறி ஆறில் காலை வைத்துவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். அதன் பிறகு ஒருவரும் தவறவில்லை. காப்பி சம்பந்தப்பட்ட விஷயங்களில் எங்கள் ரசிகர்கள் மிகவும் கவனமாகக் கேட்பவர்கள்.

"என்ன மாமா, நடை மாத்தறார்போல இருக்கே?"

"பேசாதேடா. எண்ணிக்கை போயிடும்."

வேதமூர்த்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வாசித்தார். அவரைச் சுற்றி அவ்வளவு பேர் நின்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குப் புதிது. ஒரு கட்டத்தில் வரிசை நகர வேண்டும் என்பதற்காக வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார் என்று நினைக்கிறேன்.

நான் கேன்டீனுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே காலியான பெரிய பால் கேன் ஒன்று வாய் திறந்து நின்றது. அதிலிருந்து ரசிகர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். மௌலி கேனை டோக்கன் கவுன்டருக்கு அருகே நகர்த்தி வைத்திருந்தார்.

"இது சௌகரியமா இருக்கு," என்றார். "முன்னெல்லாம் மொத்தமா வந்து மேலே விழுவா. இப்போ ஒத்தொருத்தரா, கணக்கா வரா. தோசை சூடாக் கொடுக்க முடியறது. இந்தத் தனியை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்கோ."

"சாரநாதன் வந்துவிட்டாரா?"

மௌலி கேனுக்குள் குனிந்து பார்த்தார். "அவர் இன்னும் வரலையே. அவரோட டிகிரி காப்பி இதோ, ஏடு கட்டியாச்சு."

நான் அரங்குக்குத் திரும்பினேன். ரசிகர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். விளக்குகள் மட்டும் போகவில்லை. சாரநாதன் போகும் இடத்துக்குப் போவதும் அவர் இருக்கும் இடத்தில் இருப்பதும்தான் அவற்றுக்குத் தெரியும். சாரநாதன் மிருதங்கத்துக்குள் இருந்தார். ஆகவே மஞ்சள், சிவப்பு, நீலம், தலையைத் திருப்பும் பெரியவை என எல்லாம் வேதமூர்த்தியைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்து, வலது பக்கத்துத் தோலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன. அவ்வளவு வெளிச்சத்தில் அவர் சட்டை நனைந்திருந்தது. அவர் கோர்வைக்கு வந்திருந்தார்.

அதை நான் கேட்டேன். ஏழு ஏழாகப் போய், நடுவில் எங்கோ கணக்கு கையை விட்டுப் போய்விட்டதுபோல் தோன்றவைத்து, திரும்ப வந்து, முதல் அடியில், தொட்டால் உதிரும் ஒரு பூவை வைப்பதுபோல் இறங்கியது. உள்ளேயிருந்து "பலே!" என்று ஒரு குரல் வந்தது. விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக மேலேறின. வேதமூர்த்தி காதைத் தாழ்த்தி அந்தக் குரலைக் கேட்டார். சுருதி சேர்ந்திருந்தது. சுருதி சேர்க்கத் தோலைத் தட்டுவதற்காக எடுத்திருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

கமிட்டி கேன்டீனிலேயே நின்றபடி கூடியது. தனி ஆவர்த்தனத்தை எடுத்துவிட்டால் கேன்டீனுக்கு வர வழியே இல்லை என்பதை மௌலி எடுத்துச் சொன்னார். விவாதம் அதற்கு மேல் நடக்கவில்லை.

மங்களம் பாடி முடித்த பிறகு, சாரநாதனின் மனைவி கனகவல்லி கைப்பையோடு மேடைக்கு வந்து, மிருதங்கத்தின் வலது பக்கத்தை விரலால் தட்டினார்.

"ஏன்னா, ஆத்துக்குக் கிளம்பலையா?"

"நீ போ," என்றது உள்ளேயிருந்து. "இங்கே நன்னாக் கேக்கறது. திங்கட்கிழமைக் கச்சேரி முடிஞ்சு பாத்துக்கலாம்."

"மார்கழிப் பனி. மஃப்ளராவது கட்டிண்டு இருங்கோ."

மஃப்ளரை வேதமூர்த்தி வாங்கி உள்ளே கொடுத்தார். பிறகு மிருதங்கத்துக்கு உறை போட்டு, காற்றுக்காக ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவிட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார். விளக்குகள் ஆட்டோவின் பின்னால் நடந்து போயின.

திங்கட்கிழமை எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். எனக்கு வேலை ஒன்றும் இல்லாததால் மென்பொருளை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தேன். தனி தொடங்கியது. வரிசை படியேறியது, செருப்புகள் சேர்ந்தன, எண்ணிக்கை ஆரம்பித்தது. விளக்குகள் வேதமூர்த்தியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. அப்போது முன்வரிசை நடுவில், சாரநாதனின் காலி நாற்காலி எழுந்தது. பக்கத்து நாற்காலிகளில் இடிக்காமல் பக்கவாட்டில் நடந்து வரிசையில் சேர்ந்துகொண்டது.

அதன் முறை வந்தபோது நான் வேதமூர்த்தியைப் பார்த்தேன். அவர் சற்று ஒதுங்கி, நான்கு கால்களும் நுழைவதற்கு இடம் கொடுத்தார். தாளம் விடவில்லை.

"போகட்டும் சார்," என்றார் என் பக்கம் திரும்பி. "பாவம், அது ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கு."

கேன்டீனிலிருந்து மௌலி ஆள் அனுப்பி, நாற்காலியின் காப்பிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டார். அரை ஸ்பூன் போதும் என்று சொல்லியனுப்பினேன்.